வரிசையை மாற்றினேன்

என் மகள் திருநெல்வேலி மருத்துவக் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். கலந்தாய்வில் அவளுக்குக் கிடைத்தது அந்த இடம்தான் என்று சொந்தபந்தம் எல்லாம் நம்புகிறது. அண்மைக் காலம் வரை அவளும் அப்படித்தான் நம்பியிருந்தாள். அவள் ஆசைப்பட்ட கல்லூரி வேறு. அதில் சேரத் தேவையான ரேங்க்கும் அவளிடம் இருந்தது. அவள் தூங்கிய பிறகு அவளுடைய விருப்பப் பட்டியலின் வரிசையை நான் மாற்றினேன். அதை மறைக்க ஒரு பொய் சொன்னேன். செய்ததைவிட அந்தப் பொய்தான் பெரிய குற்றம் என்று இப்போது நினைக்கிறேன். இரண்டையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மருத்துவக் கலந்தாய்வு நடக்கும் விதம் தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிட வேண்டும். நீட் மதிப்பெண்ணை வைத்து மாநிலத் தரவரிசைப் பட்டியல் வரும். அரசுக் கல்லூரி இடங்களில் 15 விழுக்காடு அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போக, மீதி இடங்கள் இந்தப் பட்டியலின்படி நிரம்பும். மாணவர்கள் தங்களுக்கு வேண்டிய கல்லூரிகளை இணையத்தில் வரிசைப்படுத்திப் பதிவு செய்ய வேண்டும். சாய்ஸ் ஃபில்லிங் என்பது அதுதான். லாக் செய்துவிட்டால் பிறகு தொட முடியாது. ஒரு மாணவரின் முறை வரும்போது அவருடைய பட்டியலின் முதல் பெயரைக் கணினி பார்க்கும். அங்கே அவருக்கு இடம் இருந்தால் கொடுத்துவிட்டு நிறுத்திக்கொள்ளும். இல்லையென்றால்தான் இரண்டாவது பெயருக்குப் போகும். ஆகவே பட்டியலில் எந்தெந்தக் கல்லூரி இருக்கிறது என்பதைவிட, எதற்கு மேலே எது இருக்கிறது என்பதுதான் ஒரு பிள்ளையின் ஐந்தரை வருடத்தை முடிவு செய்கிறது.

முன்பெல்லாம் இது நேரில் நடந்தது. 2020 நவம்பரில்கூடச் சென்னை நேரு உள்விளையாட்டரங்குக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனார்கள். திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடும். பிள்ளை எழுந்து போய்த் தன் வாயால் கல்லூரியின் பெயரைச் சொல்ல வேண்டும். பெற்றவர்கள் பக்கத்தில் நின்று கண்ணைக் காட்டலாம், முழங்கையால் இடிக்கலாம். ஆனாலும் சொல்கிற வாய் பிள்ளையுடையது. என் மகள் காலத்தில் எல்லாம் இணையத்துக்கு வந்துவிட்டது. விண்ணப்பத்தில் இருந்தது என் கைப்பேசி எண். கடவுச்சொல்லை உருவாக்கியவன் நான். ஓ.டி.பி. வந்ததும் என் போனுக்குத்தான். படிக்கிற பிள்ளைக்கு எதற்கு இந்த அலைச்சல் என்று அப்போது எல்லோரிடமும் சொன்னேன். பெரும்பாலான வீடுகளில் இப்படித்தான் நடக்கிறது. யாரும் அதைத் தப்பாக நினைப்பதில்லை.

அவள் கேட்டது சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி. 2023 நீட்டில் அவள் வாங்கிய மதிப்பெண்ணுக்கு அது நிச்சயம் என்பது முந்தைய ஆண்டு கட்-ஆஃபைப் பார்த்தாலே தெரிந்தது. எம்.எம்.சி. என்கிற சென்னை மருத்துவக் கல்லூரி கிடைக்கவும் வாய்ப்பு இருந்தது. 1835-ல் தொடங்கிய கல்லூரி அது, பெயர் பெரிது. கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் எல்லாம் எம்.எம்.சி.யை முதலில் போடு, ஸ்டான்லியை இரண்டாவது போடு என்றார்கள். அவள் கேட்கவில்லை. கோடு போடாத நோட்டில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாள்: ஸ்டான்லி, எம்.எம்.சி., மதுரை, திருநெல்வேலி, அதற்குக் கீழே மற்றவை.

ஏன் ஸ்டான்லி என்று நான் கேட்கவேண்டிய தேவையே இல்லை. சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்த்த அவளுடைய தாய்மாமனின் வலது கை, காகிதம் வெட்டும் இயந்திரத்தில் மாட்டியது. அவள் சிறுமியாக இருந்தபோது நடந்தது. மேல்சிகிச்சைக்கு அவரை ஸ்டான்லிக்குத்தான் கொண்டுபோனோம். பேராசிரியர் வெங்கடசுவாமி 1970-களில் வளர்த்தெடுத்த கை அறுவை சிகிச்சைத் துறை அங்கே இருக்கிறது. பல மாதம் கழித்து அந்த மாமா எங்கள் வீட்டுக்கு வந்தபோது இவள் அவரைவிட்டு நகரவில்லை. சட்டைப் பித்தானைக் கழற்றிப் போடச் சொன்னாள். மறுபடியும் கழற்றச் சொன்னாள். அவர் கட்டைவிரலும் மிச்சமிருந்த விரல்களும் பித்தானைத் தேடிப் பிடித்து ஓட்டைக்குள் தள்ளுவதை முகத்தை ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். 2018 பிப்ரவரியில் அதே மருத்துவமனையில் ஒருவருக்கு இரண்டு கைகளையும் பொருத்தும் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. தமிழ்நாட்டில் அதுதான் முதல்முறை. அப்போது ஏழாம் வகுப்பில் இருந்தாள். பேப்பரில் வந்த செய்தியை வெட்டி அறிவியல் நோட்டின் பின்னட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டாள். பசை வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

இவ்வளவும் தெரிந்துதான் செய்தேன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மதியம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அவள் நோட்டில் இருந்தபடியே பதிவு செய்தோம். அவள் வரிசையை வாய்விட்டுப் படிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். லாக் செய்ய மறுநாள் வரை நேரம் இருந்தது. காலையில் ஒருமுறை பார்த்துவிட்டு லாக் பண்ணிக்கலாம்ப்பா என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போனாள். இரவு, வீடு அடங்கிய பிறகு, அடுக்களையில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தேன். நான்காவதாக இருந்த திருநெல்வேலியை முதலாவது ஆக்கினேன். ஓ.டி.பி. வந்தது, போட்டேன், லாக் செய்தேன். செய்து முடிக்க ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. காலையில் அவளிடம், நெட் போயிருமோன்னு பயந்து ராத்திரியே லாக் பண்ணிட்டேம்மா என்றேன். சரிப்பா என்றாள். அச்செடுத்த தாளை என் அலுவலகப் பையில் வைத்துக்கொண்டேன். அவள் அதைக் கேட்கவில்லை. அப்பா வைத்திருக்கிறார் என்ற நம்பிக்கை.

ஏன் செய்தேன் என்பதற்கு என்னிடம் வெகுநாளாகத் தயாராக ஒரு பதில் இருந்தது. பக்கத்தில் இருந்தால் வாரா வாரம் வீட்டுக்கு வரலாம், சாப்பாடு ஒத்துக்கொள்ளும், அவள் அம்மாவுக்கு சுகர் இருக்கிறது, 1965-லிருந்து இருக்கிற கல்லூரி, அங்கேயும் 250 இடம், இங்கேயும் 250 இடம், எங்கே படித்தாலும் எம்.பி.பி.எஸ். எம்.பி.பி.எஸ்.தானே. இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. ஆனால் அன்றிரவு என்னை எழுப்பி உட்கார வைத்தது இதில் எதுவும் இல்லை.

என் சித்தப்பா மகனின் பெண் சென்னையில் இன்ஜினியரிங் படித்தாள். கூடப் படித்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. செய்தி வந்த அன்று அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கவில்லை. ஆண்கள் தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் உள்ளே அழுதார்கள். நானும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தேன். யாரும் சாகாத வீட்டில் நாங்கள் துக்கம் விசாரித்தோம். கிளம்பும்போது ஒருவர் என் தோளைத் தொட்டு, நீயும் ஒத்தப் பொம்பளப் புள்ளைய வச்சிருக்க, பாத்துக்க என்றார். அந்தப் பெண் இன்றைக்கு வேலையில் இருக்கிறாள், குழந்தை இருக்கிறது, நன்றாக இருக்கிறாள். அதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் பட்டியலைத் திறந்தபோது என் மனசில் இருந்தது அந்த நாற்காலி வரிசை மட்டும்தான். அதில் என் வாசலில் நான் உட்கார்ந்திருந்தேன்.

இதை அப்பனின் பாசம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வசதியாக இருந்தது. சாதி என்று சொல்லத்தான் இத்தனை காலம் ஆகியிருக்கிறது. மேடையில் பேசுகிற அளவுக்கு நான் சாதி பார்ப்பவன் இல்லை. வங்கியில் பக்கத்து மேசைக்காரரோடு ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுகிறவன். அது போதும் என்று நினைத்துவிட்டேன். மகளின் ரேங்க் வந்த பிறகு, அவள் யாரோடு பழகிவிடுவாளோ என்ற பயத்தில் அவள் ஊரையே நான் தீர்மானித்தேன். அவள் யாரையும் விரும்பவில்லை, அப்படி ஒரு பேச்சே இல்லை. நடக்காத ஒன்றுக்கு முன்கூட்டியே தண்டனை கொடுத்தேன்.

கல்லூரி ஒதுக்கீட்டுப் பட்டியல் வந்த அன்று அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். திருநெல்வேலி. அழவில்லை. பட்டியலை மேலும் கீழும் உருட்டினாள். அதில் ரேங்க் இருக்கும், வகுப்பு இருக்கும், ஒதுக்கிய கல்லூரியும் இருக்கும். யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் கூப்பிட்டாள். எப்பா, எனக்குக் கீழ ரேங்க் இருக்கவங்களுக்கு ஸ்டான்லி வந்திருக்கு, அதுவும் பி.சி.தான் போட்டிருக்கு, எனக்கு ஏன் வரல? நியாயமான கேள்வி. அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு. அது என் அலுவலகப் பையில் மடித்து வைத்த தாளில் இருந்தது.

நான் சொன்னது இது: அதெல்லாம் கவர்ன்மென்ட் ஸ்கூல் கோட்டாவுக்கு ஏழரை பெர்சென்ட் ஒதுக்கிட்டாங்கல்லாம்மா, அதுல போயிருக்கும். ரோஸ்டர் கணக்கு நமக்கெல்லாம் புரியாது. உனக்கு வரவேண்டியது அப்படிப் போயிட்டு.

அது பொய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான அந்த 7.5 விழுக்காட்டுக்குத் தனித் தரவரிசை, தனி இடங்கள். அவர்களுக்குள்தான் போட்டி. என் மகளோடு பொதுக் கலந்தாய்வில் நின்றவர்களின் பட்டியலில் அவர்கள் குறுக்கே வருவதே இல்லை. அந்தச் சட்டம் ஏன் வந்தது என்பதும் எனக்குத் தெரியாததல்ல. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதே அரிதாகிப்போனது. நீதிபதி கலையரசன் குழு ஆராய்ந்து 10 விழுக்காடு கொடுக்கலாம் என்றது, 2020-ல் 7.5 என்று சட்டமானது. என் மகள் தனியார் பள்ளியில் படித்தவள். நீட்டுக்குத் தனியாகக் கோச்சிங் அனுப்பினேன். அதற்கு நான் கட்டிய பணம், அந்தப் பிள்ளைகளின் வீடுகளில் பலவற்றில் ஒரு வருஷ வரும்படி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எனக்கு வங்கி வேலை கிடைத்தது பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டில். எங்கள் தெருவில் முதல் அரசுச் சம்பளம் அப்படித்தான் வந்தது. அதை வைத்துத்தான் வீடு கட்டினேன், மகளைப் படிக்க வைத்தேன். என் திருட்டை மறைக்க ஒரு ஆள் தேவைப்பட்டபோது, என்னைத் தூக்கிவிட்ட ஏற்பாட்டின் மீதே பழியைப் போட்டேன். எவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. யோசித்துக் கண்டுபிடித்த பொய் இல்லை அது. எங்கள் திண்ணைகளில், கல்யாணப் பந்திகளில், எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கிற பொய்.

இரண்டாம் சுற்றில் வேறு கல்லூரிக்கு முயலலாமா என்று கேட்டாள். சேர்ந்தாச்சு, இனி என்னத்துக்கு என்று அடைத்துவிட்டேன்.

விடுதியில் அவள் அறைத்தோழி முக்கூடல் பக்கத்துப் பெண். அம்மா பீடி சுற்றுகிறவர். அரசுப் பள்ளியில் படித்து 7.5 ஒதுக்கீட்டில் வந்தவள். முதல் ஆண்டில் உடற்கூறியல் புத்தகத்தை மகள்தான் அவளுக்கும் சேர்த்து வாசித்துச் சொல்வாளாம்; ஆங்கிலம் அந்தப் பெண்ணுக்கு முதலில் கஷ்டமாக இருந்திருக்கிறது. பதிலுக்கு அந்தப் பெண் இவளுக்குப் பயம் போகும்வரை பிண அறுவைக் கூடத்தில் பக்கத்திலேயே நிற்பாளாம். ஒருநாள் ஏதோ சின்ன விஷயத்துக்கு இரண்டு பேருக்கும் பேச்சு முற்றியிருக்கிறது. என் மகள் அவளைப் பார்த்து, என் சீட்டத்தானே எடுத்துட்டு வந்திருக்கீங்க என்று சொல்லிவிட்டாள். அந்தப் பெண் மறுநாளே வேறு அறைக்குப் போய்விட்டாள்.

அந்த வார இறுதியில் மகள் வீட்டுக்கு வந்து இதைச் சொன்னபோது முகம் வாடிப்போயிருந்தது. சொல்லியிருக்கக் கூடாதுப்பா, ஆனா உண்மைதானே என்றாள். உண்மைதானே என்று என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

நான் விடும்மா, எல்லாம் சரியாயிரும் என்றேன்.

பட்டியலை மாற்றிய இரவைக்கூடப் பயத்தில் செய்தது என்று சொல்லலாம். இந்த இடத்தில் எனக்கு எந்தச் சாக்கும் இல்லை. என் பொய் என் வீட்டைத் தாண்டிப் போய், இன்னொரு வீட்டுப் பெண்ணை அறையைக் காலி செய்ய வைத்திருந்தது. ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். மகள் என்னை வெறுப்பாள் என்பதற்காகச் சொல்லவில்லை. அந்தப் பெண் தலையில் அந்தப் பழி இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டேன்.

இதற்கிடையில் ஊரில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. கலந்தாய்வு விவரம் தெரிந்தவர் என்று ஆண்டுதோறும் ஜூன், ஜூலையில் நாலு பேர் வீட்டுக்கு வருவார்கள். கட்-ஆஃப் பார்த்து வரிசை போட்டுக் கொடுப்பேன். புள்ளைக்கு எது இஷ்டமோ அதை முதல்ல போடுங்க என்று தவறாமல் சொல்வேன். அடுத்த அறையில் இருந்து என் மகள் அதைக் கேட்டிருக்கிறாள்.

இந்த வருஷம் விடுமுறையில் வந்தவள், படிப்பு முடிந்ததும் எம்.எஸ். அறுவை சிகிச்சை, அப்புறம் எம்.சிஎச். பிளாஸ்டிக் சர்ஜரி என்று திட்டம் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்போ கிடைக்கல, அதுக்காவது ஸ்டான்லிக்குப் போயிருவேன்ப்பா என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். என்னால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. பையிலிருந்து பீரோவுக்கு மாறியிருந்த அந்தத் தாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தேன்.

படித்தாள். முதல் வரியில் விரலை வைத்துக்கொண்டு, நாலாவது வரியைப் பார்த்தாள். அம்மாவுக்குத் தெரியுமா என்றாள். தெரியாது என்றேன். ஏன் என்று கேட்டாள். சித்தப்பா மகன் வீட்டுச் சங்கதியிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். நான் எதிர்பார்த்தது ஸ்டான்லியைப் பற்றிய கேள்வியை. அவள் கேட்டது வேறு. அவகிட்ட நான் சொன்ன வார்த்தைய இப்ப யாருப்பா திருப்பி எடுக்கது?

இரண்டு காரியம் செய்யச் சொன்னாள். இனி யார் பிள்ளைக்கும் வரிசை போட்டுக் கொடுக்கக் கூடாது. அந்தப் பெண்ணிடம் நானே நேரில் போய்ச் சொல்ல வேண்டும்.

ஐகிரவுண்டில் மருத்துவமனைக்கு எதிரே ஒரு டீக்கடையில் வைத்து அவளிடம் சொன்னேன். என் மகள் ஏற்கெனவே மன்னிப்புக் கேட்டிருந்தாள், பக்கத்தில் நின்றாள். அந்தப் பெண் வெள்ளைக் கோட்டை மடித்துக் கையில் வைத்தபடி முழுவதையும் கேட்டாள். பரவாயில்லை என்று அவள் சொல்லவில்லை. சொல்வாள் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன் என்பதையும் எழுத வேண்டும். நான் நீட்ல எவ்வளவு எடுத்தேன்னு உங்களுக்குத் தெரியுமா அங்கிள் என்று மட்டும் கேட்டாள். தெரியாது. எத்தனையோ பேருடைய மதிப்பெண்ணைக் கேட்டு வரிசை போட்டுக் கொடுத்தவன், என் மகளோடு ஒரே அறையில் இருந்த பெண்ணின் மதிப்பெண்ணைக் கேட்டதில்லை. அவள் சொன்னாள். கோச்சிங் இல்லாமல், பள்ளியில் கொடுத்த புத்தகத்தை மட்டும் வைத்து வாங்கியது. நான் நினைத்திருந்ததைவிட மிகவும் அதிகம். சொல்லிவிட்டு, வார்டுக்கு நேரமாயிட்டு என்று போய்விட்டாள்.

மனைவியிடமும் சொன்னேன். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள், ஆனால் மகள் சம்பந்தப்பட்ட எந்தத் தாளையும் இப்போது என் கையில் கொடுப்பதில்லை. மகள் தன் கணக்குகளில் எல்லாம் தன் எண்ணை மாற்றிவிட்டாள். வீட்டுக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். தானாக எதையும் சொல்வது நின்றிருக்கிறது.

இதை வெளியிடுவதற்கு முன் அவளிடம் படிக்கக் கொடுத்தேன். தென்காசி, தூத்துக்குடி என்று எங்கெங்கிருந்தோ நோயாளிகள் வரும் பெரிய ஆஸ்பத்திரியில் அவள் எவ்வளவு நன்றாகக் கற்றுக்கொள்கிறாள் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அதை அடித்துவிட்டாள். காலேஜ் நல்ல காலேஜ்தான், ஆனா அது நீங்க செஞ்சதுக்குச் சமாதானம் ஆகாது என்றாள். பிறகு பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தாள். ஒண்ணு சேக்கணும்ப்பா. கோட்டால போயிட்டுன்னு நீங்க சொன்னப்போ, எந்தப் பிரிவுல எத்தன சீட்டு, எப்படிப் போச்சுன்னு நான் ஒரு கேள்வி கேக்கல. பட்டியல் என் கையிலதான் இருந்துச்சு. உடனே நம்பினேம்லா, அது என் தப்பு. அதையும் எழுதுங்க என்றாள்.

எழுதியிருக்கிறேன்.